செம்பில் நின்ற நீர்

கோவையினின்று பொள்ளாச்சி செல்லும் பெருஞ்சாலையில், பொன்மலைக் குன்றின் அடியில் உள்ளது எம் ஊராகிய கிணத்துக்கடவு. அவ்வூரில் உழுது வாழ்ந்த என் அப்பிச்சி, தம் இறுதி ஈராண்டையும் முதியோர் இல்லமொன்றிற் கழித்தார்.

ஒரு விடுமுறையில் அவரைக் காணச் சென்றேன். தரை தூய்மையாயிருந்தது, உணவும் வேளை தவறாது வந்தது. ஆயினும் கட்டிலருகே வைத்த செம்பில் நீர் குறையவேயில்லை. காரணம் வினவினேன்.

"ராத்திரி எந்திரிச்சாக் கைபிடிக்க ஆளில்லே கண்ணு; அதனாலே குடிக்கறதில்லே" என்றார்.

முதுமையில் தாகவுணர்ச்சி தானே குன்றும். அச்சமும் சேரின் உடல் வறண்டு மயக்கம் நேரும். மாவட்டந்தோறும் வறிய முதியோர் 150 பேர்க்கேனும் இடமளிக்கும் இல்லம் அமைக்கவும், அங்குச் செய்யத்தகும் பணிகளின் தரத்தை வகுக்கவும் 2007-ஆம் ஆண்டின் மூத்தகுடிமக்கள் நலச் சட்டம் மாநில அரசுக்கு வழிசெய்துள்ளது. அது நன்றே. ஆனால், நள்ளிரவில் எழும் மெல்லிய குரலுக்கு ஒரு காலடியோசை விடையாக வருகின்றதா என்பதே தரத்தின் உரைகல்லாம்.

அன்றிரவு யான் அங்கேயே தங்கினேன். இருமுறை அவர் கைபற்றி நடத்திச் சென்றேன். விடியலில் செம்பு வெறுமையாயிருந்தது. இல்லத்தாரைக் குறைகூற நாவெடுத்த யான், அதற்குமுன் ஓரிரவேனும் அவ்வாறு தங்கியதில்லை என்பதை நினைந்து நாணி வாளாவிருந்தேன்.