சித்திரை வெயிலில் ஓவர்கிளாக்

ஆலங்குளம், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் தீப்பெட்டியும் பட்டாசும் வேர்விட்டதற்கு இந்த மண்ணின் வறட்சி ஒரு பெரிய காரணம். மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு, மருந்து சீக்கிரம் காயும். தொழிலுக்குத் துணைநின்ற அதே வெயில், மேசைமேல் இருக்கும் கம்ப்யூட்டருக்குப் பகை. கேம் ஆடும் மாணவர்களும் வீடியோ எடிட் செய்கிறவர்களும் பிராசசரை ஓவர்கிளாக் செய்ய, அதாவது கம்பெனி குறித்த வேகத்துக்கு மேல் ஓட்ட, ஆசைப்படுகிறார்கள். ஆசையில் தவறில்லை. ஆனால் அவர்கள் பார்த்துச் செய்யும் அளவுகள் பெரும்பாலும் குளிரூட்டிய அறையில் சோதித்துச் சொல்லப்பட்டவை. அவற்றை அப்படியே இங்கே கொண்டுவந்து போடக்கூடாது என்பது என் கட்சி.

கணக்கைப் பார்த்தாலே புரியும். பிராசசர் வேலை செய்யும்போது எரிக்கும் மின்சாரம், ஏறக்குறைய வேகத்தோடு நேர்விகிதத்திலும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். வேகத்தை 5 சதவீதம் கூட்ட, வோல்டேஜை 10 சதவீதம் ஏற்ற வேண்டியிருந்தால், சூடு சுமார் 27 சதவீதம் கூடிவிடும். கிடைப்பது ஐந்து, கொடுப்பது இருபத்தேழு. அதோடு, ஹீட் சிங்க்கும் ஃபேனும் சூட்டை அறைக் காற்றுக்குத்தான் தள்ளிவிடுகின்றன. அறைக் காற்றைவிடக் கீழே பிராசசரைக் குளிர்விக்க அவற்றால் முடியாது. 22 டிகிரி அறையில் 80 டிகிரியில் நின்ற பிராசசர், 38 டிகிரி அறையில் அதே வேலைக்கு 96 டிகிரியை எட்டும். ஏஎம்டி ரைசன் 7000 வரிசையின் பெரும்பாலான டெஸ்க்டாப் பிராசசர்களின் உச்சவரம்பே 95 டிகிரிதான். ஃபேன் காற்றை மட்டும் நம்பியிருக்கும் வீட்டில், சித்திரை மாதத்து மதியத்தில், ஓவர்கிளாக் செய்வதற்கு முன்பே உச்சவரம்புக்கு இருந்த இடைவெளி தீர்ந்துபோயிருக்கும்.

"கம்பெனிக்காரன் வேண்டுமென்றே வேகத்தை அடக்கி விற்கிறான், அதை எடுத்துக்கொண்டால் என்ன?" என்று கேட்பார்கள். ஒரு காலத்தில் அது நியாயமான கேள்வி. 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ, 300 மெகாஹெர்ட்ஸுக்கு விற்கப்பட்டது. பலர் அதை 450இல் சுகமாக ஓட்டினார்கள். இன்றைய பிராசசர்களோ, சூடும் மின்சாரமும் இடம்கொடுக்கும்வரை தாமாகவே வேகத்தை ஏற்றிக்கொள்கின்றன. மிச்சம் இருப்பது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தைத் தொட்டால் என்னவாகும் என்பதை 2024 காட்டியது. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் பல, அளவுமீறிய வோல்டேஜால் உள்ளுக்குள் தேய்ந்து, நிலையில்லாமல் போயின. ஓவர்கிளாக் செய்யாதவர்களுக்கும் இது நேர்ந்தது. இன்டெல் பயாஸ் வழியாகத் திருத்தம் கொடுத்தது, வாரண்டியை 2 ஆண்டு நீட்டியது. ஆனால் தேய்ந்த பிராசசரை அந்தத் திருத்தத்தால் மீட்க முடியவில்லை. பட்டாசு ஆலையில் அறைக்கும் அறைக்கும் நடுவே விட்டிருக்கும் வெற்றிடத்தை இந்த வட்டாரத்தில் யாரும் வீண் என்று சொல்வதில்லை. பிராசசரில் விட்டுவைத்த இடைவெளியும் அப்படிப்பட்டதுதான்.

"சூடு மிஞ்சினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமே" என்பது அடுத்த வாதம். உண்மை. அது எரிந்துபோகாமல் காக்கும், தேய்மானத்திலிருந்து காக்காது. அதைவிட மோசமானது தப்புக் கணக்கு. விளிம்பில் ஓடும் பிராசசர் நின்றுபோனால் நல்லது, தெரிந்துவிடும். நிற்காமல் ஒரு பிட்டை மாற்றி எழுதிவிட்டால், ஃபைல் கெட்டது வாரம் கழித்துத்தான் தெரியும்.

அப்படியும் செய்துதான் பார்ப்பேன் என்கிறவருக்கு ஒரு வழி உண்டு. முதலில் கேபினெட்டைத் திறந்து ஹீட் சிங்க்கில் படிந்த புழுதியைத் துடைத்து, காய்ந்த தெர்மல் பேஸ்ட்டை வழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். பயாஸைப் புதுப்பியுங்கள். பழைய அளவுகளைத் தாளில் எழுதிவையுங்கள். பிறகு, போர்டு இடம்கொடுத்தால், வோல்டேஜை ஏற்றாமல் சிறிது சிறிதாக இறக்கிப் பாருங்கள். சூடு குறைந்தாலே பிராசசர் தானாக வேகம் பிடிக்கும். அதற்குமேல் வேண்டுமானால் ஒருமுறைக்கு 100 மெகாஹெர்ட்ஸ், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு படியிலும் பிரைம்95 போன்ற சோதனையை மணிக்கணக்கில் ஓட்டுங்கள். அதையும் மார்கழி இரவில் ஓட்டித் தேறிவிட்டது என்று நம்பாதீர்கள். அக்னி நட்சத்திரத்தில், மதியம் இரண்டு மணிக்கு, எப்போதும் உட்காரும் அதே அறையில் தேற வேண்டும். தரமில்லாத எஸ்எம்பிஎஸ்ஸும் சரியில்லாத எர்த்தும் இருக்கும் வீட்டில் தொடங்கவே வேண்டாம்.

புது மெஷின் வாங்கக் காசில்லாதவனுக்கு இதுதானே வழி என்ற பேச்சை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஹார்ட் டிஸ்க்கில் ஓடும் பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு எஸ்எஸ்டி போட்டால் அன்றாட வேலையில் கிடைக்கும் வேகத்தை எந்த ஓவர்கிளாக்கும் தராது. பிராசசர் போனால் இழப்பதும் அவன்தான். பிழைப்புக்கு வைத்திருக்கும் மெஷினிலோ கையே வைக்க வேண்டாம். ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் காலண்டர் ஆல்பங்கள் வெளியானதும் ஆர்டர்கள் குவியத் தொடங்கும். அந்தக் காலண்டர் டிசைன்கள் இருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனி குறித்த வேகத்திலேயே ஓடட்டும்.