மழைக்குறியும் நோய்க்குறியும்

கோவிற்பட்டியைச் சூழ்ந்த கரிசற்காட்டார், எறும்பு முட்டை சுமந்து மேடேறக் கண்டால், மேகந் தோன்றுமுன்னரே மழைக்குறி என்பர். எம் பாட்டியார் அக்குறி காண்பதில் வல்லவர். ஆயினும், புகையிலை மெல்லும் அவர், தம் வாயில் ஆறாதிருந்த புண்ணைப் பொருட்படுத்தவில்லை. “பருத்தி எடுப்பு முடியட்டும்” என்றார். முடிந்தபின் மருத்துவர் கண்டது முற்றிய புற்றுநோய். சென்ற ஆண்டு அவரை அடக்கஞ் செய்தோம்.

புண் தோன்றுமுன்னரே அறியவொண்ணாதோ என்று, விலங்கியல் பயிலும் நண்பரை வினவினோம். அவர் உரைத்ததாவது: உயிரணுக்களில் ஆர்.என்.ஏ. என்னும் மூலக்கூறுகள் உள. அவற்றுள் ஏறக்குறைய 22 எழுத்தே நீளமுள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ., விக்டர் ஆம்புரோஸ், கேரி ரவ்குன் என்போர் சிறு புழுவொன்றில் நிகழ்த்திய ஆய்வுகளால் 1993இல் வெளியாயிற்று. 2024இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். அணு புற்றாக மாறுங்கால் இவற்றின் அளவும் மாறும். குருதியில் இவை சிதையாது நிற்பதை 2008இல் ஆய்வாளர் காட்டினர். வாய்ப்புற்றின் குறியை உமிழ்நீரிலும் தேடி வருகின்றனர்.

எனினும், எறும்பு ஏறிய நாளெல்லாம் மழை பெய்வதில்லை. பிற நோய்களும் இவ்வளவுகளை மாற்றும். ஆதலின் திசுவை எடுத்துச் சோதித்தே முடிவு கூறுவர். வாய்ப்புற்றை இவ்வாறு முன்னறியும் சோதனை நம் சிற்றூர்களுக்கு இன்னும் வந்திலது.

அதுகாறும், இரண்டு வாரங் கடந்தும் ஆறாத புண்ணே நம் கண்ணுக்குத் தெரியுங் குறி. விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்காள், சுருக்குப்பையில் புகையிலை வைத்திருக்கும் நும் பாட்டியாரை ஒருமுறை வாய் திறந்து காட்டச் சொல்லுமின். யாம் சொல்லாது விட்டோம்.