படகு இல்லாத நேரம்

எங்கள் பக்கத்தில் "படகு இல்லை" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பவில்லையா? படகு இல்லை. தங்கை பிள்ளையின் காதுகுத்துக்கு வரவில்லையா? படகு இல்லை. இதில் பாதி உண்மை, பாதி சௌகரியம். ஆண்களுக்கு மட்டும் எந்த நேரத்திலும் எவனாவது ஒருவன் படகைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவான்.

என் அத்தையைக் கொடுத்திருப்பது இரக்கம் தீவில். பழவேற்காடு ஏரிக்குள் இருக்கிறது. ஆந்திரத்தின் தடா மண்டலம். 2022 முதல் திருப்பதி மாவட்டம். அத்தை வீட்டில் பேச்சு தமிழில், சர்க்கார் காகிதம் தெலுங்கில். துணி எடுக்க, பல்லைப் பிடுங்க, பத்திரிகை வைக்க என்றால் இந்தப் பக்கம் ஆரம்பாக்கத்துக்கு வருவார்கள். "பேர்லதான் இரக்கம்" என்பாள் அத்தை.

படகில் யார் எங்கே உட்காருவது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். ஆண்கள் விளிம்பிலும் முன்னணியத்திலும். பெண்கள் நடுவில், அடித்தளத்தில், கால் மடக்கி, மடியில் பிள்ளை, பக்கத்தில் கூடை. அடியில் தேங்கிய தண்ணீர் பாவாடையில் ஏறும். கவிழ்ந்தால் முதலில் குதிக்கக்கூடிய இடத்தில் நீச்சல் தெரிந்தவர்கள், கடைசியில் வெளியே வரக்கூடிய இடத்தில் நீச்சல் தெரியாதவர்கள். ஆறேழு வயது வரை எங்கள் பெண்பிள்ளைகளும் பையன்களோடு தண்ணீரில் கிடப்பார்கள். வயதுக்கு வருகிற வயசு நெருங்கியதும் கரையேற்றிவிடுவார்கள். பிறகு ஐந்தரை மீட்டர் சேலையைச் சுற்றிக்கொண்டு அதே தண்ணீரின்மேல் வாழ்நாள் முழுக்கப் போய்வர வேண்டும்.

"இடுப்பளவுத் தண்ணிதானே" என்பார்கள். பல இடத்தில் அப்படித்தான். வெயில் காலத்தில் படகு சேற்றில் தட்டி நின்றுவிடும். இறங்கித் தள்ளுகிறவர்களோடு நாமும் இறங்கி நடக்க வேண்டும். ஆனால் அந்த ஏரியேதான் 2011 கிறிஸ்துமஸ் அன்று 22 பேரைக் கொண்டுபோனது. விடுமுறையைக் கொண்டாட வந்த உறவினர் கூட்டம், மீன்பிடிப் படகு, ஏற்றக்கூடாத அளவு ஆட்கள், ஒருவருக்கும் மிதவைச் சட்டை இல்லை. செத்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். அன்று ஆரம்பாக்கம் கடைத்தெருவில் டீ ஆற்றுகிற சத்தம்கூட இல்லை என்று அம்மா இன்றும் சொல்வாள். பிறகு பழவேற்காட்டில் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது.

தடை என்பது சுலபமான வேலை. அதற்குப் படகு வாங்க வேண்டாம், படித்துறை கட்ட வேண்டாம், ஆள் போட வேண்டாம்.

கேரளத்தில் 2002 ஜூலை 27 அன்று முகம்மாவிலிருந்து குமரகத்துக்குப் போன அரசுப் படகு வேம்பநாட்டுக் காயலில் கவிழ்ந்து 29 பேர் இறந்தார்கள். அளவுக்கு மீறிய கூட்டம். அதில் பலர் அரசுப் பணித் தேர்வு எழுதப் போனவர்கள். அந்தத் தடத்தை அதோடு மூடிவிடவில்லை. முகம்மா–குமரகம் படகு இன்றும் ஓடுகிறது. காரணம் எளிது. அங்கே படகு என்பது பஸ். 1968 முதல் அதற்கென்று தனி அரசுத் துறை இருக்கிறது, டிக்கெட் இருக்கிறது, நேர அட்டவணை இருக்கிறது. கேள்வி கேட்க ஓர் ஆள் இருக்கிறார். 2017 ஜனவரியில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் நடுவே 75 பேர் உட்காரும் சூரியசக்திப் படகை விட்டார்கள்.

கொச்சியில் 2023 ஏப்ரலில் தொடங்கிய வாட்டர் மெட்ரோவில் ஒருமுறை ஏறிப் பார்த்தேன். உயர்நீதிமன்ற நிறுத்தத்திலிருந்து வைப்பீனுக்கு 20 ரூபாய். எனக்கு ஏசி பெரிதாகத் தெரியவில்லை. படித்துறைதான் கண்ணில் நின்றது. அது மிதக்கிற மேடை. தண்ணீர் ஏறினால் மேடையும் ஏறும், இறங்கினால் இறங்கும். படகின் தளமும் மேடையும் ஒரே மட்டம். ஒரு பாட்டி யார் கையையும் பிடிக்காமல் நடந்து உள்ளே போனாள். எங்கள் ஊரில் ஒரு பெண் படகேற வேண்டுமென்றால் சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கி, முன்பின் தெரியாத ஆணின் கையைப் பிடிக்க வேண்டும். அந்தக் கை எப்போதும் கையை மட்டும் பிடிப்பதில்லை. இன்னொன்று: அங்கே 100 பேர் ஆனதும் கதவு மூடிக்கொள்கிறது. "இன்னும் ரெண்டு பேரு ஏறும்மா, தள்ளி உட்காரு" என்று சொல்ல ஆளில்லை.

இதைக் கேட்டால் நமக்கும் தண்ணீர்வழி இருந்ததே என்று பக்கிங்ஹாம் கால்வாயைக் காட்டுவார்கள். இருந்தது. 1806-ல் சென்னைக்கும் எண்ணூருக்கும் நடுவே தொடங்கி, பழவேற்காட்டைத் தொட்டு, வடக்கே ஆந்திரம் வரை நீண்டது. உப்பும் விறகும் சிப்பியும் ஆட்களும் அதில் போனார்கள். நண்பர்களோடு அதில் படகேறி மாமல்லபுரம் போனதைப் பாரதிதாசன் 'மாவலிபுரச் செலவு' என்று பாட்டாக்கினார். கூடையோடு போன பெண்களின் செலவை எழுதி வைத்தவர் யாரென்று தேடிக்கொண்டிருக்கிறேன். தாது வருஷப் பஞ்சத்தில், 1877–78-ல், சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டிய பகுதி நிவாரண வேலையாக நடந்தது. அந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் என்று கூலியை இறக்கினார்கள். பெண்ணுக்கு அதிலும் குறைவு. கால்வாய்க்கு 1878-ல் கவர்னரின் பெயரை வைத்தார்கள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் முதல் ஷிப்ட் காலை ஆறு மணிக்கு. கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் ஐந்தேகாலுக்கு வந்துவிடும். அத்தை மகளின் பெண்ணும் அங்கேதான் சேர்ந்தாள். தீவிலிருந்து அந்த நேரத்துக்கு எந்தப் படகும் இல்லை. ஆகவே எட்டுப் பேர் படுக்கும் ஹாஸ்டல் அறையில் இருக்கிறாள். வாடகையும் சாப்பாடும் போக மிச்சம் வீட்டுக்கு. ஞாயிறு போய்த் திங்கள் லீவு போட்டுத் திரும்பினால் அந்த மாத ஊக்கத்தொகை போச்சு. படகுக்கு ஆகும் நேரத்தையும் காசையும் ஒரு பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினாள். அதில் பயணத்தைவிடக் காத்திருப்பதுதான் அதிகம்.

தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆந்திரத்திலும் 2025 ஆகஸ்ட் 15 முதல் அரசுப் பேருந்தில் இலவசம். இரண்டு பக்கக் கரையிலும் எங்களுக்குப் பயணம் சும்மா. நடுவில் இருக்கும் தண்ணீருக்கு மட்டும் தலைக்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டும். இரண்டு அரசும் எதிர்க்கரையைக் கைகாட்டலாம். தண்ணீருக்கு நடுவில் யார் எல்லைக்கல் நடுவது?

படகைப் பற்றி ஒரு நல்லதும் சொல்லிவிட வேண்டும். 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுத் திரும்பிய ஒரு வயதான அம்மாவை, நாற்றம் என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் பேருந்து நிலையத்தில் நின்று நியாயம் கேட்டதை நாடே பார்த்தது. எங்கள் அம்மாவும் இறால் கூடையோடு பஸ் ஏறியவள். கடைசிப் படிக்கட்டுக்கு மேல் போகமாட்டாள். படகில் மட்டும் கூடையை நடுவில் வைத்துவிட்டு, வெற்றிலையை எடுத்து நிதானமாக மடிப்பாள். அங்கே எல்லோருக்கும் ஒரே வாசனை.

வளைகாப்புப் போட்டு ஏழாம் மாதம் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது எல்லா ஊரிலும் சடங்கு. தீவில் அதுவே ஆம்புலன்ஸ். ராத்திரி வலி எடுத்தால் காற்றையும் தண்ணீரையும் படகுக்காரன் தூக்கத்தையும் நம்ப வேண்டும் என்பதால், மருமகளைச் சீக்கிரம் அனுப்பிவிடுவார்கள். தாய்வீடும் தீவிலேயே இருக்கிறவளுக்கு? கரையில் இருக்கும் ஏதாவதொரு சொந்தத்தின் திண்ணை. எங்கள் வீட்டில் அப்படி மூன்று பேர் வந்து தங்கிப் பெற்றுப் போயிருக்கிறார்கள்.

போன பொங்கலுக்கு அத்தை வந்திருந்தபோது, கொச்சியில் எடுத்த வீடியோவைப் போட்டுக் காட்டினேன். கண்ணாடி ஜன்னல், வரிசையாக இருக்கை. கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "கரையில கக்கூஸ் இருக்குதா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். படகுக்குக் கிளம்புகிற நாளில் விடிந்ததிலிருந்து அவள் தண்ணீர் குடிப்பதில்லை. நாற்பது வருஷமாக. நீர்க்கடுப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறாள், அதையும் இந்தப் பக்கம் வந்துதான் வாங்குகிறாள்.

"அப்போ மொதல்ல அதைக் கட்டச் சொல்லு. மணி எழுதி ஒரு பலகை வெக்கட்டும். கண்ணாடியெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்" என்றாள்.