ஒரு கடிகாரம் தேடிய கதை

இந்தப் பக்கம் ரொம்ப நாளா தூங்குது. கிளையில் ஆணி அதிகம், மன்னிக்கணும்.

குவாஹாத்திக்கு மாற்றலாகி வந்த பிறகு என் நேரக் கணக்கே கெட்டுப்போச்சு. டிசம்பரில் இங்கே நாலரைக்குச் சூரியன் மறைஞ்சிடும். எங்க திருநெல்வேலியில் ஆறு மணி ஆகும். நாடு முழுக்க ஒரே நேரம், 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வச்சது. இங்குள்ள தேயிலைத் தோட்டக்காரங்க கெட்டிக்காரங்க, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி 'பாகான் டைம்'னு தனியா வச்சிருக்காங்க.

ஒருநாள் இருட்டி ரொம்ப நேரமாச்சேன்னு அம்மாவுக்கு அவசரமா போன் போட்டேன். "விளக்கே இப்பதான் பொருத்துதேன், நீ என்னல தூங்கப் போறவன் மாதிரி பேசுத?" மூலையில் 18:02 என்று எண் இருக்கத்தான் செஞ்சது. மண்டையில ஏறலை. ரெண்டு முள்ளும் நேர்கோடா நின்னா விளக்கு வைக்கிற நேரம், இப்படிப் பழகின ஆளு நான்.

இதைவிட மோசம், "இந்நேரம் தூங்கியிருப்பாங்க"ன்னு நானே முடிவு பண்ணி பேசாமல் விட்ட நாட்கள். அப்படி ஒன்பது நாள்.

சரி, கணினியில் முள் கடிகாரம் வைப்போம்னு தேடினேன். விண்டோஸ் 7-ல் அழகா ஒண்ணு இருந்தது. அந்த கேட்ஜெட்களில் பாதுகாப்பு ஓட்டை இருக்குன்னு 2012-ல் மைக்ரோசாஃப்டே நிறுத்தச் சொல்லிடுச்சு. ஊர்பேர் தெரியாத தளங்களில் இலவசமா நிறைய கிடைக்குது. கண்டதை இறக்காதீங்கன்னு கவுன்ட்டரில் தினமும் வாடிக்கையாளருக்குச் சொல்ற வாயால நானே இறக்குறதா?

கடைசியில் பழைய மடிக்கணினியின் லினக்ஸில் எக்ஸ்கிளாக். லினக்ஸோட சொந்தக் களஞ்சியத்திலிருந்தே கிடைக்கும். நிழல், கண்ணாடிப் பளபளப்பு எதுவும் கிடையாது. கனமான கடிகாரங்கள் விநாடி முள்ளை வழுக்கி ஓட்ட ஓயாமல் படம் வரையும். இது நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் வரையும். 'அப்டேட் 1' கொடுத்தால் விநாடி முள் வரும், நான் கொடுக்கலை. எட்டு வருஷப் பெட்டி, பாவம் :-)

"இதுல நம்பரே இல்லையே"ன்னாங்க வீட்டம்மா. எனக்கு அது தேவைப்படலை. 'எப்போதும் மேலே'ன்னு வலது மூலையில் வச்சாச்சு.

நேத்து எக்ஸெல் தாளில் மூழ்கியிருந்தேன். நிமிர்ந்து பார்த்தா முள் ரெண்டும் நேர்கோடு. போனை எடுத்தேன்.

"இரு, திரி போட்டுட்டு வாரேன்"னாங்க அம்மா.