சம்பூர்: குடாவின் தென்கரை

திருகோணமலைக் கோட்டை முனையில் நின்று நோக்கினால், கொட்டியாரக் குடாவிற்கு அப்பால் தாழ்ந்த கரையொன்று தெரியும். அதுவே மூதூர்க் கிழக்கு. சம்பூர் அங்கேதான் இருக்கிறது. பத்திரிகை அலுவலகத்தில் என் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்பதால், இவ்வூரை நான் முதலில் அறிந்தது செய்தித் தலைப்பாகத்தான். வயலும் மாடும் பத்திரகாளி அம்பாள் ஆலயமுமாக வாழ்ந்த ஓர் ஊர் என்பது தலைப்புகளில் வராது.

கொட்டியாரம் கண்டி அரசரின் துறைமுகமாக இருந்த பகுதி. 1659 இல் புயலிற் பாய்மரம் இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் இங்கு ஒதுங்க, அதில் வந்த இளைஞர் றொபேட் நொக்ஸ் 1660 இல் பிடிபட்டார். பத்தொன்பது ஆண்டுகள் மலைநாட்டில் சிறையிருந்து தப்பியபின் அவர் எழுதிய நூல் 1681 இல் இலண்டனில் வெளிவந்தது. அந்த ஓர் ஆங்கிலேயரின் சிறைவாசம் உலகறிந்த கதையாயிற்று. இக்கரையின் மக்கள் ஊரிழந்து கழித்த ஆண்டுகளை எழுத ஒரு நொக்ஸ் வாய்க்கவில்லை.

2006 ஏப்ரல் 25 அன்று விமானக் குண்டுகள் வீழ்ந்தன. சனங்கள் வாகரை வழியாக மட்டக்களப்புக்கு ஓடினர்; செப்டெம்பர் 4 இல் ஊர் இராணுவத்தின் வசமாயிற்று. துறைமுக வாயிலைப் பார்த்திருக்கும் நிலமல்லவா, அதன் பெறுமதி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 2007 மே மாதம் வர்த்தமானி அறிவித்தலொன்று இப்பகுதியை உயர் பாதுகாப்பு வலயமாக்கியது. பின்னர் இந்தியாவின் தேசிய அனல்மின் கழகத்தோடு சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் அமைப்பதென்றார்கள். வேறு 818 ஏக்கர் தனியார் கைத்தொழிலுக்கென ஒதுக்கப்பட்டது. கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் தகரக் கொட்டில்களில் இருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

அந்த 818 ஏக்கர் 2015 இல் உரியவர்களிடம் திரும்பியது. கடற்படை முகாம் இருந்த நிலத்திற்கு 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வீடுகள் தரைமட்டமாகியிருந்தன. கிணற்றையும் மரத்தையும் வைத்தே பலர் தம் வளவை அடையாளங்கண்டனர். சுற்றுலாக் கையேடு சொல்லும் நினைவுச்சின்னங்கள் வேறு; ஊரவருக்கு அக்கிணற்றுக்கட்டே சின்னம். நிலக்கரித் திட்டத்தை 2016 செப்டெம்பரில் அரசு கைவிட்டது. உயர் நீதிமன்றம் வரை வழக்காடிய ஊரவருக்கும் சூழல் ஆர்வலருக்கும் அதில் பங்குண்டு என்பது என் எண்ணம்.

அதற்குப் பதிலாக வந்த 120 மெகாவாட் சூரிய மின்திட்டத்தை 2025 ஏப்ரல் 5 அன்று மோடியும் அநுர குமார திசாநாயக்கவும் கொழும்பிலிருந்தபடி தொடக்கிவைத்தனர். அதே ஆண்டு ஜூலையில், சம்பூர்க் கடலோரத்தில் கண்ணிவெடி அகற்றியவர்கள் மனித எலும்புகளைக் கண்டனர். மூதூர் நீதவான் அப்பணியை நிறுத்தினார். 1990 ஜூலையில் இவ்வூரில் கொல்லப்பட்டோரை நினைத்து ஆண்டுதோறும் விளக்கேற்றுவோர் அம்மண்ணிலேயே வாழ்கின்றனர். எலும்புகள் யாருடையவை என்று முதலில் கேட்டவர்களும் அவர்கள்தாம்.