ஒரு பூட்டும் ஒரு சொல்லும்

"சார், என் நோட்டுகளை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். இனி எனக்கு வேண்டாம்."

சொன்னவன் பத்தாம் வகுப்பு மாணவன். சின்னசேலத்தை அடுத்த சிற்றூரில், மக்காச்சோளம் விதைத்துக் கடனை அறுவடை செய்த உழவரின் மகன். படிப்பை நிறுத்தப் போகிறான் என்று எண்ணினேன். கல்வியின் சிறப்பைப் பற்றி ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றி அனுப்பிவைத்தேன். பட்டம் பெற்றவன் அல்லவா! பேசக் கற்றிருந்தேன், கேட்கக் கற்றிருக்கவில்லை.

வாயில்வரை சென்றவன் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வை நெஞ்சைச் சுட்டது. ஓடிச் சென்று புளியமரத்தடியில் நிறுத்தினேன். நா கூசியது, ஆயினும் கேட்டேன்: "தம்பி, செத்துவிடலாம் என்று நினைக்கிறாயா?"

அவன் அழுதான். நெடுநேரம் அழுதான். பிறகு சொன்னான்: "யாருமே என்னைக் கேட்கவில்லை, சார்."

தோழர்களே! இப்படி வெளிப்படையாகக் கேட்கலாமா, இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டியதாகாதா என்று பலர் அஞ்சுகின்றனர். அச்சம் வீண். கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை என்பதே மனநல ஆய்வுகள் கண்ட உண்மை. உள்ளே புழுங்கும் புண்ணுக்குக் காற்றோட்டம் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

அவனைத் தனியே அனுப்பவில்லை. மாலையில் அவனோடு வீட்டுக்கே சென்றேன். மேற்கே கல்வராயன் மலை கருத்துக்கொண்டிருந்தது. தாய் தலையில் அடித்துக்கொண்டார்: "எல்லாம் எங்கள் தலையெழுத்து, வாத்தியாரய்யா!"

அரிசிப் பானைக்கு அருகில், வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்துப் புட்டி நின்றது. "அம்மா, தலையில் எழுதியவன் யாரென்று எனக்குத் தெரியாது. இந்தப் புட்டியை இங்கே வைத்தவர்கள் நாம்தாம். எடுத்துவிட நம்மால் முடியும்" என்றேன். தந்தை ஒரு சொல்லும் பேசவில்லை. புட்டியை எடுத்துச் சென்று மோட்டார் கொட்டகைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்; சாவியைத் தம் அண்ணன் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார்.

சாகத் துணிந்தவனைப் பூட்டு தடுக்குமா? தடுக்கும்! சாகும் வேகம் பெரும்பாலும் அலைபோல் எழுந்து அடங்குவது. அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் உயிர் மிஞ்சும். நமக்கு அண்டையிலேயே சான்று உண்டு. 1986இல் சென்னையில் 'சினேகா' அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவர் குழுவினரும், கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதிச் சிற்றூர்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், பொதுவிடத்தில் பூட்டிய பெட்டிகளில் வைக்கச் செய்தனர். அங்கே தற்கொலைகள் குறைந்தன. இலங்கை அரசு 1990களில் கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்தது. பத்தாண்டுகளில் அந்நாட்டின் தற்கொலை விகிதம் ஏறத்தாழப் பாதியாயிற்று. விதியை மாற்றியது வேள்வியா? சட்டமும் பூட்டும் அல்லவா!

ஆனால், பூட்டு நேரத்தைத் தரும். வாழ்வைத் தருவது மனிதரின் துணை. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 1,70,924 பேர் தம்மை மாய்த்துக்கொண்டனர். அவர்களுள் 19,834 பேர் தமிழ்நாட்டினர். இத்தனை பேரையும் கோழைகள் என்பதா? பாவிகள் என்பதா? கடன், குடி, சாதி இழிவு, வரதட்சணை, மதிப்பெண் வெறி, மருத்துவம் காணாத மனநோய், இவற்றை வளரவிட்ட சமுதாயம் முதலில் தன்னைக் கேட்டுக்கொள்ளட்டும்.

காவல்துறை வருமே என்று அஞ்சி மூடி மறைப்போரும் உண்டு. முயன்று பிழைத்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதப்பட வேண்டும். அவருக்கு அரசு மருத்துவமும் மறுவாழ்வும் அளிக்க வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். தற்கொலை முயற்சியையே குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு, 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் இடம்பெறவில்லை. சட்டம் இரங்கக் கற்றுக்கொண்டது. ஊர் வாய் எப்போது கற்கும்?

மறுநாள் தந்தையும் நானும் அவனைக் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. கடன் இருக்கிறது, சில நாட்களில் அவன் முகமும் இருண்டே இருக்கிறது. ஆனால், வகுப்பில் மூன்றாவது வரிசையில் அவனும் இருக்கிறான்.

உங்கள் வீட்டில், தெருவில், வகுப்பில் ஒருவர் ஒடுங்கிப் போனால், நீதி சொல்லாதீர், அருகில் அமருங்கள். கேளுங்கள். நஞ்சை எட்டாத இடத்தில் பூட்டுங்கள். மருத்துவரிடம் உடன் செல்லுங்கள். இரவோ பகலோ, 14416 என்ற எண்ணிலும் 104 என்ற எண்ணிலும் பேசத் துணை உண்டு. இதைப் படிக்கும் நீங்களே அந்த இருளில் இருந்தால், இன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அவனுடைய நோட்டுகளை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. அவனிடமே கொடுத்துவிட்டேன்.