அட்டப்பாடிக்குப் போ, கண்ணு

சித்தூர்

அன்புள்ள கண்ணு,

பி.எஸ்.சி. வழியாக வந்த நர்ஸ் வேலை அட்டப்பாடியில், அதுவும் புதூரில் என்றதும் வேறு இடம் கேட்கலாமா என்று எழுதியிருக்கிறாய். அம்மாவுக்கும் நீ கொழிஞ்சாம்பாறைப் பக்கமே இருந்தால் தேவலை. நான் போகத்தான் சொல்வேன். ஏன் என்று கேட்டுவிட்டு முடிவு பண்ணு.

2023-ஆம் ஆண்டுக் கணக்கில், கேரளத்தில் பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஒரு வயது நிறைவதற்குள் இறப்பவை 5. நாடு முழுக்க எடுத்தால் 25. நாம் பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் நம் பாலக்காடு மாவட்டத்திலேயே, பழங்குடிகள் வாழும் அட்டப்பாடியின் அகளி, புதூர், ஷோளயூர் பஞ்சாயத்துகளில் 2013-இல் அரசு ஒப்புக்கொண்ட சிசு மரணங்கள் மட்டும் 31. அங்கே வேலை செய்தவர்கள் அதைவிட அதிகம் என்றார்கள். அந்த வருஷம் மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் வந்தார், பணம் ஒதுக்கினார்கள், ஊர்களில் சமூகச் சமையலறைகள் திறந்தன. சாவு குறைந்தது உண்மை. ஆனாலும் 2021 நவம்பரில் சில நாட்களுக்குள் அடுத்தடுத்துக் குழந்தைகள் இறந்தபோது, சுகாதார அமைச்சர் வீணா ஜார்ஜ் மலையேறி வந்தார். சாவுக்குப் பிறகுதான் எல்லாரும் வருகிறார்கள் என்பதே என் ஆற்றாமை.

அந்தக் குழந்தைகளில் பலவும் குறைமாதத்தில், எடையில்லாமல் பிறந்தவை. தாய்க்கு உடம்பில் இரத்தமில்லை. ராகி, சாமை, துவரை விளைந்த நிலம் கைமாறிப் போய், தட்டில் ரேஷன் அரிசிதான் மிஞ்சியது. வயிறு நிறையும், இரத்தம் ஊறாது. சிலருக்குச் சிக்கிள் செல் என்ற இரத்த நோயும் உண்டு. வலி எடுத்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வருகிறவளுக்கு, எவ்வளவு கெட்டிக்கார டாக்டராலும் ஒன்பது மாதச் சோற்றை ஒரே ராத்திரியில் ஊட்ட முடியாது. அதனால் கல்யாணமாகாத பெண்ணின் இரத்தத்தையே பார்த்து வைக்க வேண்டும். பழங்குடித் தாய்மாருக்கு ஜனனி ஜன்ம ரக்ஷா திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் உண்டே, அது தவணை தள்ளிப் போனால் கர்ப்பிணியின் சாப்பாடும் தள்ளிப் போகும். யாருக்கு வரவில்லை என்று நீ வீட்டுப்படியில் நின்று கேட்டு, மேலே எழுதிப் போடு. எழுதினால் பகை வரும். வரட்டும்.

பாஷைக்கு நீ பயப்படவே வேண்டாம். அங்குள்ள இருளர் பழங்குடியினரின் பேச்சு நம் தமிழுக்கு நெருக்கம். மலையாளம் மட்டுமே பேசுகிறவரிடம் தலையாட்டிவிட்டுப் போகிற பெண், உன்னிடம் நின்று பேசுவாள். இரும்பு மாத்திரை வயிற்றைப் பிரட்டுகிறது, அதனால் போடவில்லை என்ற விஷயமே அப்படித்தான் வெளியே வரும். ஊர்த் தலைவரான மூப்பனையும் ஆஷா ஊழியரையும் முதலில் பார். மூப்பனிடம் சொல்லாமல் ஊருக்குள் நுழையாதே.

நீ ஒருத்தி போய் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. அட்டப்பாடியின் கோட்டத்தறை ஆஸ்பத்திரியில் மகப்பேறு டாக்டரும் குழந்தை டாக்டரும் எந்நேரமும் இருக்க வேண்டும், தற்காலிகமாக அல்ல. உள்ஊர்களுக்குப் பாதை வேண்டும். 2022 டிசம்பரில் கடுகுமண்ணா என்ற உள்ஊரிலிருந்து ஒரு கர்ப்பிணியைத் துணியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். ஆம்புலன்ஸ் அதுவரை போக வழியில்லை. இதெல்லாம் அரசு செய்ய வேண்டியவை, கேட்டு வாங்க வேண்டியவை. ஆனால் எந்த வீட்டில் எத்தனை மாதம், யாருக்கு இரத்தம் எவ்வளவு என்று தெரிந்த ஒருத்தி அங்கே தங்கியிருந்தால்தான், கேட்கிறவர்கள் கையில் கணக்கு இருக்கும்.

கோயம்புத்தூர், ஆனைக்கட்டி வழி சுலபம் என்று அப்பா சொல்லுவார். முதல் தடவை மண்ணார்க்காடு வழியாகப் போ. அங்கே முடியாத கேஸ்களைப் பெரிந்தல்மண்ணைக்கும் திருச்சூருக்கும் அனுப்புவது அந்த மலைப்பாதையில்தான். மழை கொட்டினால் அது அடைபடும். எந்த நிறைமாதக்காரியை எத்தனை நாள் முன்னாலேயே கீழே இறக்கி வைக்க வேண்டும் என்பது, அந்த வளைவுகளில் நீயே உட்கார்ந்து போனால் பிடிபடும்.

சேருகிற தேதியை எழுது. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

உன் அக்கா